பழைய ஊர்தியும் பழுதின் விலையும்

புதிய கார் ஒன்று வீட்டுக்கு வரும் நாள் ஒரு திருநாளாகவே அமைகிறது. முகப்பில் மாலை சூட்டி, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி அதனை வரவேற்பது தமிழர் வழக்கம். அதே கார் பழையதாகி, பழுதுற்று, வீட்டை விட்டுப் போகும் நாளில் மாலையும் இல்லை; கற்பூரமும் இல்லை. அன்று வீட்டார் முன் நிற்பது ஒரே ஒரு வினாதான்: இதனை எங்கே விற்பது? புதிய கார் வாங்கும் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்வதா? பழைய கார் வணிகரிடம் விடுவதா? அறிந்தவர் ஒருவருக்கு நேரே விற்பதா? பழுதுபார்க்கும் பட்டறைக்கே தள்ளிவிடுவதா? அன்றிப் பழைய இரும்பாக எடை போட்டுவிடுவதா?

வினா சிறியது, அன்றாடக் குடும்பச் செலவைச் சார்ந்தது. ஆயினும் பினாங்கைப் போன்றதொரு துறைமுகத் தீவின் வரலாற்றோடு வைத்து எண்ணுங்கால், இச்சிறு வினாவுக்குள் சந்தையும் சட்டமும் அறமும் ஒருங்கே அடங்கியிருத்தல் புலனாகும். விற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் அதனோடு மற்றொன்றையும் தேர்ந்தெடுக்கிறார். வண்டியின் பழுதை யாரிடம் சொல்வது, அப்பழுதின் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்பதே அது. ஜோர்ஜ் டவுன் நகரில் ஊர்திகள் ஓடிய இருநூறு ஆண்டு வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

துறைமுகமும் நடுவுநிலையும்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். கப்பல்களைக் கவர்ந்திழுக்கும் பொருட்டு அதனைத் தீர்வையில்லாத் துறைமுகமாக அமைத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வந்தனர். பின்னர் நகரத்தார் வந்தனர். சீனரும் அச்சே நாட்டாரும் அராபியரும் வந்து குழுமினர். சூலியா தெரு, பினாங்குத் தெரு, தமிழர் நாவில் 'கடைத்தெரு' என்றே வழங்கும் மார்க்கெட் தெரு ஆகியவை இவ்வணிகத்தின் நாடி நரம்புகளாயின. பல மொழியினரும் பல சமயத்தினரும் கூடும் சந்தையில் ஒருவர் சொல்லை மற்றவர் நம்பினாலன்றி வணிகம் நடவாது.

தமிழர்க்கு இச்செய்தி புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, அந்நகர வணிகரைப் புகழும்போது அவர்தம் செல்வத்தை மட்டும் கூறி அமையவில்லை. வாங்குங்கால் உரிய அளவுக்கு மேல் பெறாமலும், விற்குங்கால் உரிய அளவில் குறைக்காமலும், தாம் பெறும் ஊதியத்தை மறைக்காமல் சொல்லியும் விற்றமையை அவர்தம் பெருமையாக எடுத்துரைக்கிறது. திருவள்ளுவரும் வணிகர்க்குரிய அறத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். துலாக்கோலின் நடுநாவைப் போல் நிற்பதே வணிகம் என்பது அவர் கருத்து. இவ்வறம் மிளகுக்கும் துணிக்கும் எளிதில் பொருந்தும். ஏனெனில் மிளகை முகர்ந்து பார்க்கலாம். துணியைத் தொட்டுப் பார்க்கலாம். பழைய ஊர்திக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கண்ணுக்குத் தெரிந்த பழுது

மோட்டார் வருவதற்கு முன் பினாங்கின் சாலைகளை ஆண்டவை மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ரிக்‌ஷாவுமே. நகருக்கு நீர் சுமந்து சென்ற மாட்டு வண்டிகளின் நினைவாகப் பர்மா சாலையை மலாய்க்காரர் 'கிரேத்தா ஆயர்' என்று அழைத்தனர். சீனரும் தம் மொழியில் 'தண்ணீர் வண்டிச் சாலை' என்றே பொருள்படும் பெயரால் அழைத்தனர். அவ்வண்டிகளை ஓட்டியவர்களுள் தமிழ்த் தொழிலாளர் பலர் இருந்தனர்.

மாட்டு வண்டியின் உறுப்புகள் எல்லாம் கண்முன்னே விளங்குவன. சக்கரத்தின் ஆரக்கால் உளுத்திருந்தால் தெரியும். இரும்புப் பட்டை தேய்ந்திருந்தால் தெரியும். அச்சு வளைந்திருந்தால் வண்டி நடக்கும் நடையே சொல்லிவிடும். மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துக் கணித்தனர். ஆதலின் பழைய வண்டியை விற்பவரும் வாங்குபவரும் ஏறத்தாழ ஒரே அளவு அறிவுடையராய் இருந்தனர். விற்பவர் பழுதை மறைக்க விரும்பினாலும் மறைப்பதற்கு இடம் மிகக் குறைவு. கொல்லரும் தச்சரும் அருகிலேயே இருந்தமையால், பழுதுபார்க்கும் செலவு இவ்வளவு என்று இருவருமே கணக்கிட முடிந்தது.

பழையதாகியும் விற்கப்படாத ஊர்தி ஒன்றும் பினாங்கில் உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி இரதம் 1894ஆம் ஆண்டு தமிழகத்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டது. பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலை வரை தைப்பூசந்தோறும் முருகப்பெருமானைச் சுமந்து செல்லும் அத்தேர் நூற்றாண்டைக் கடந்தது. காளைகளே இழுக்கும் தேர் என்ற சிறப்பும் அதற்கு உண்டு. 2017ஆம் ஆண்டிலிருந்து தங்க இரதம் ஒன்றும் தைப்பூச ஊர்வலத்தில் கலந்துகொண்ட போதிலும், வெள்ளி இரதம் தன் இடத்தை இழக்கவில்லை. ஓர் ஊர்தி எத்தனை ஆண்டு வாழும் என்பதை அதன் உலோகம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதனைப் பேணுவோரின் மனமும் முடிவு செய்கிறது என்பதற்கு அத்தேர் எடுத்துக்காட்டு.

மூடிக்குள் மறைந்த பழுது

1896ஆம் ஆண்டு கட்ஸ் சகோதரர்கள் என்னும் வணிக நிறுவனத்தார் சிங்கப்பூருக்கு ஒரு பென்ஸ் காரைக் கொண்டுவந்தனர். நீரிணைக் குடியேற்ற நாடுகளின் மோட்டார் வரலாறு அதனோடு தொடங்கியது. தீர்வையில்லாத் துறைமுகமாகிய பினாங்கிலும் விரைவில் கார்கள் வந்திறங்கின. தோட்ட முதலாளிகளும் ஈய வணிகர்களும் கார் வைத்திருப்பதைப் பெருமையாகக் கொண்டனர்.

மோட்டார் வண்டி கொணர்ந்த மாற்றங்களுள் வேகம் எல்லோருக்கும் தெரிந்தது. அதனினும் ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. பழுது, மூடிக்குள் போய் மறைந்துகொண்டது. பிஸ்டன் வளையம் தேய்ந்ததை வெளியே நின்று காண இயலாது. கியர்ப்பெட்டியின் பல் உடைந்திருப்பதைக் கெட்டியான எண்ணெய் ஊற்றிச் சில நாள் மறைக்கலாம். துருப்பிடித்த தகட்டின்மேல் மாவு பூசி வண்ணம் தீட்டினால் புதியது போல் மின்னும். எத்தனை மைல் ஓடியது என்று காட்டும் கருவியையே பின்னோக்கித் திருப்பிவிடுவாரும் தோன்றினர். பல ஆண்டுகள் ஓட்டியவர்க்கு மட்டுமே தெரிந்த நோய்களை உள்ளடக்கிய பண்டமாயிற்று பழைய கார். மாட்டு வண்டிச் சந்தையில் சமமாய் நின்ற இருவருள் ஒருவர் இப்போது கண்ணுடையவராகவும், மற்றவர் கண் கட்டப்பட்டவராகவும் ஆயினர்.

வாங்குபவர் கண் திறந்திருந்தால் பழைய ஊர்தி வாங்குவதில் தீங்கில்லை என்பதற்கு ஜோர்ஜ் டவுன் நகராண்மைக் கழகமே ஒரு சான்றை விட்டுச் சென்றிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்நகரில் மின்சார டிராம் வண்டிகள் ஓடின. 1925ஆம் ஆண்டு முதல், தண்டவாளம் இன்றி மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் டிராலி பேருந்துகள் வந்தன. 1936இல் டிராம் நின்றுவிட்டது. டிராலி பேருந்தே நகரை ஆண்டது. 1954இல் இலண்டன் மாநகரம் தன் டிராலி பேருந்துகளைக் கைவிட முடிவு செய்தது. அங்கு வேண்டாதனவாகிய ஈரடுக்குப் பேருந்துகள் ஐந்தைப் பினாங்கு 1956ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. இலண்டன் தெருக்களில் ஓடிக் களைத்த அவ்வண்டிகள் கடல் கடந்து வந்து ஜோர்ஜ் டவுன் மக்களைச் சுமந்தன. 1961ஆம் ஆண்டில் பினாங்கின் டிராலி பேருந்துச் சேவையும் முடிவுற்று, டீசல் பேருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முப்பது ஆண்டுக் காலம் டிராலி பேருந்துகளை ஓட்டிப் பழுதுபார்த்த அனுபவம் நகராண்மைக் கழகத்தின் பணிமனைக்கு இருந்தது. எந்த உறுப்பு தேயும், எதனை மாற்றவேண்டும் என்பது அங்குள்ள பொறியாளர்க்கும் தொழிலாளர்க்கும் தெரியும். விற்ற நகரமும் வாங்கிய நகரமும் ஒரே தொழிலின் இருபுறம் நின்றன. இலண்டனுக்குச் சுமையாகிய வண்டி பினாங்குக்குப் பயன்பட்டது. அறிவுடைய இருவர்க்கிடையே பழையது கைமாறும்போது இருவரும் ஊதியம் பெறுகின்றனர் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1941 திசம்பர் முதல் 1945 வரை, இப்பாடம் வேறு வடிவில் கற்பிக்கப்பட்டது. புதிய வண்டிகளின் வரவு நின்றது, பெட்ரோல் அரிதாயிற்று, கரியை எரித்து அதன் வாயுவால் ஓடும் வண்டிகள் மலாயாச் சாலைகளில் புகை கக்கின. பழையதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவனே அந்நாளில் செல்வன். வீசி எறிந்த இரும்புக்கும் விலை உண்டு என்பதை மக்கள் பசியின் வாயிலாக அறிந்தனர்.

சட்டம் சொன்னது என்ன?

'வாங்குவோனே, விழிப்பாயிரு' என்பது ஆங்கில வணிகச் சட்டத்தின் பழைய கொள்கை. பொருளின் குறையைத் தேடிக் காண்பது வாங்குபவர் கடமை. கேளாதவரைத் தேடிச் சென்று சொல்லவேண்டிய கடமை விற்பவர்க்கு இல்லை. வாய் திறந்து பொய் சொன்னால் சட்டம் தண்டிக்கும்; வாய் மூடியிருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். 1893ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட பொருள் விற்பனைச் சட்டம் இக்கொள்கையைச் சிறிது தளர்த்தியது. வணிகமாகவே விற்பனை செய்பவர் தரும் பொருள், விற்பனைக்குத் தகுந்த தரமுடையதாய் இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் தம் சொந்தக் காரை விற்கும் தனி மனிதருக்கு அவ்விதி பொருந்தாது.

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. மலாய் மாநிலங்களுக்கென 1957ஆம் ஆண்டில் பொருள் விற்பனைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டபோது, பினாங்கும் மலாக்காவும் அதன் எல்லைக்குள் வரவில்லை. 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டத்தின்படி இவ்விரு மாநிலங்களிலும் ஆங்கிலேயர் சட்டமே பின்பற்றப்பட்டது. 1990ஆம் ஆண்டில்தான் அந்த 1957ஆம் ஆண்டுச் சட்டம் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் நீட்டிக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்று முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆன பின்னும், ஜோர்ஜ் டவுனில் விற்கப்பட்ட ஒரு பழைய காரின் குறைக்கு இலண்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே நீதி சொல்லிக்கொண்டிருந்தது. கெடா எல்லையைத் தாண்டி விற்றிருந்தால் சட்டமே வேறு. இரு சட்டங்களின் வாசகங்களும் பெரிதும் ஒத்திருந்தமையால் பொதுமக்கள் இவ்வேறுபாட்டை உணரவில்லை. ஆயினும் விற்கும் இடம் சட்டத்தையும் மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அந்த ஆங்கிலச் சட்டத்தின் கீழ் 1965ஆம் ஆண்டில் இலண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்கு ஒன்று இப்பொருளுக்கே எழுதப்பட்டது போல் அமைந்துள்ளது. பார்ட்லெட் என்பவர் ஒரு பழைய ஜாகுவார் காரை வாங்க ஒரு வணிகரிடம் சென்றார. காரின் கிளட்சில் பழுது இருக்கிறது என்பதை விற்பவர் முன்கூட்டியே கூறினார். பழுதுபார்த்துத் தந்தால் 575 பவுன். இருந்தபடியே எடுத்துக்கொண்டு தாமே பழுதுபார்த்துக் கொள்வதானால் 550 பவுன் என்று இரு விலைகளை முன்வைத்தார். வாங்குபவர் குறைந்த விலையையே தேர்ந்தெடுத்தார். சில வாரங்களுக்குப் பின் கிளட்சைப் பிரித்துப் பார்த்தபோது, பழுது எண்ணியதைவிடப் பெரியது என்பது தெரிந்தது, செலவும் பன்மடங்காயிற்று. வழக்குத் தொடுத்தார். பழைய கார் வாங்குபவர் அதில் என்றேனும் ஒரு பழுது தோன்றும் என்பதை எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்று கருதிய டென்னிங் பிரபு உள்ளிட்ட நீதிபதிகள், விற்பவர் பொறுப்பல்லர் என்று தீர்த்தனர்.

இத்தீர்ப்பினைக் கொடியது என்று சிலர் எண்ணலாம். ஆழ்ந்து நோக்கின் அது விற்பவரின் நேர்மைக்குக் கிடைத்த பாதுகாப்பு என்பது விளங்கும். அவர் பழுதை மறைத்திருந்தால் வழக்கின் போக்கே மாறியிருக்கக்கூடும். பழுதைச் சொன்னார்; அதற்கு ஒரு விலையையும் குறித்தார்; வாங்குபவர் அறிந்தே அச்சுமையை ஏற்றார். மலேசியாவில் 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இதே நெறியைப் பின்பற்றுகின்றது. வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாய் இருத்தல் வேண்டும். ஆயினும் விற்பனைக்கு முன்பே சுட்டிக் காட்டப்பட்ட குறையைக் காரணமாகக் காட்டி அப்பொருளைத் தரமற்றது எனல் ஆகாது. சொன்ன குறை இருவரையும் காக்கிறது.

நல்ல கார் சந்தைக்கு வராத காரணம்

1970ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரையை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அக்கட்டுரையை ஏற்க மறுத்தன. முப்பது அகவையில் வெளியிட்ட அதே கட்டுரைக்காகவே, 2001ஆம் ஆண்டில் வேறிருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் கூறியதன் சாரம் எளியது. சந்தையில் நல்ல காரும் கெட்ட காரும் கலந்து நிற்கின்றன. எது நல்லது என்பது விற்பவர்க்குத் தெரியும், வாங்குபவர்க்குத் தெரியாது. ஆதலால் வாங்குபவர் இரண்டுக்கும் நடுவான விலையையே தருவார். நல்ல கார் வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க மனம் ஒப்பாமல் சந்தையை விட்டு விலகுவார். எஞ்சி நிற்பவை பெரும்பாலும் கெட்ட கார்களே. அதனை உணர்ந்த வாங்குபவர் விலையை மேலும் குறைப்பார்; சுமாரான கார்களும் விலகும். இறுதியில் சந்தையே அழியும் நிலை தோன்றும். ஒருவர் மறைக்கும் பழுது, நேர்மையாளர் அனைவருடைய காரின் விலையையும் சேர்த்துக் குறைக்கிறது.

அக்கட்டுரை வெளிவருவதற்கு முன் அவர் இந்தியாவில் ஓராண்டு தங்கியிருந்தார். அந்நாட்டு வட்டித் தொழிலையும் அதில் எடுத்துக்காட்டினார். உள்ளூர் வட்டிக்கடைக்காரர்க்குக் கடன் கேட்பவரின் குணமும் குடும்பமும் தெரியும். ஆகவே அவர் துணிந்து கடன் தருகிறார். ஒன்றும் அறியாத வெளியூரார் அதே ஊரில் கடன் கொடுக்க முற்பட்டால், திருப்பித் தரும் எண்ணமில்லாதவர்களே அவர் வாசலில் முதலில் கூடுவர். பினாங்குத் தெருவில் கிட்டங்கிகளை அமைத்திருந்த நகரத்தார், கடன் கேட்பவரை அறிந்தவர் யார், அவர்க்குப் பிணை நிற்பவர் யார் என்று முதலில் வினவியதன் பொருள் இதுவே. பொருளியல் அறிஞர் கண்டறிந்ததைக் கிட்டங்கித் திண்ணையில் அமர்ந்திருந்த கணக்கப்பிள்ளை அனுபவத்தால் அறிந்திருந்தார்.

தீவும் பெருநிலமும்

1969ஆம் ஆண்டில் பினாங்குத் தீவு தீர்வையில்லாத் துறைமுகம் என்னும் நிலையை இழந்தது. துறைமுக வணிகம் தளர்ந்தது, வேலையின்மை பெருகியது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப மண்டலம் உருவாகித் தொழிற்சாலைகள் எழுந்தன. இதற்கிடையில் வெளிநாட்டுக் கார்களின் மீது விதித்த வரியும் இறக்குமதி உரிமக் கட்டுப்பாடும் புதிய காரை எட்டாக்கனியாக்கின. எட்டாக்கனிக்கு மாற்று, பழைய கார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின் நகர்ப்புறம் வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார் என்பது பிறர் ஓட்டிக் கழித்த காராகவே இருந்தது.

அக்காலத்தையொட்டி எழுந்த பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் 2019ஆம் ஆண்டில் மறையும் வரை நெடுங்காலம் அதன் தலைவராய் விளங்கினார். ஏமாற்றப்பட்ட வாங்குபவர் வெட்கி ஒதுங்காமல் வாய் திறந்து முறையிட வேண்டும் என்பதை அச்சங்கம் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மக்களுக்கு எடுத்துரைத்தது. 'விழிப்பாயிரு' என்று சட்டம் அறிவுறுத்தியது. விழித்திருப்பது எவ்வாறு என்பதைச் சங்கம் கற்பித்தது.

1985ஆம் ஆண்டு சூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அடுத்த திங்கள் பினாங்குப் பாலம் திறந்துவைக்கப்பட்டபோது, அப்போதைய பிரதமர் மகாதீர் முகம்மது புரோட்டோன் சாகா காரிலேயே அதனைக் கடந்தார். அதுவரை தீவிலிருந்து கார் வெளியேற வேண்டுமானால் படகில் ஏற்றியாக வேண்டும். பாலம் வந்த பின் தீவின் பழைய கார் பெருநிலத்து வணிகரிடம் எளிதாகச் சென்றது. அங்குள்ள வாங்குபவரும் தீவுக்கு வந்து விலை கேட்டார். விற்கும் இடம் விரிந்தது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு படகுகள் கார் ஏற்றுவதும் நின்றது. சந்தை விரிந்ததில் நன்மை உண்டு. தெரிந்த முகம் மறைந்ததில் தீமையும் உண்டு. அறியாதவரிடம் வாங்கி அறியாதவரிடம் விற்கும் வழக்கம் மிகுந்தது.

ஐந்து வாசல்கள்

இவ்வரலாற்றின் பின்னணியில், பழுதுற்ற காரை விற்கும் வாசல்களை எடை போட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, புதிய கார் விற்கும் கடை. பழையதைக் கொடுத்துப் புதியதன் விலையில் கழித்துக்கொள்வது எளிது; அலைச்சல் இல்லை. ஆனால் கழிவாகக் காட்டும் தொகையைப் புதிய காரின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு கையால் கூட்டிக் கொடுத்து மறு கையால் தள்ளுபடியைக் குறைத்துவிடுதல் வணிகத்தில் அரிதன்று.

இரண்டாவது, பழைய கார் வணிகர். அவர்க்குப் பழுது காணும் கண் உண்டு. பழுதுபார்க்கும் பட்டறையோடு தொடர்பும் உண்டு. ஆகவே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தாம் செய்யவேண்டிய செலவையும் தம் ஊதியத்தையும் கழித்தே அவர் விலை சொல்வார். ஆயினும், தாம் அறிந்த பழுதை அடுத்து வாங்குபவர்க்கு அவர் சொல்வாரா என்பது வேறு வினா.

மூன்றாவது, நேரடி விற்பனை. விலை கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் இவ்வழியில்தான். ஆனால் வாங்குபவர் பெரும்பாலும் தொழில் அறியாதவர். பெரும்பாலும் விற்பவரைவிட வசதி குறைந்தவர். அகெர்லாஃப் சொன்ன சந்தை இங்கேதான் நடைபெறுகிறது. நடுவுநிலைமையின் சோதனையும் இங்கேதான். கடன் தீராத காரை, எஞ்சிய தவணையை நீயே கட்டிக்கொள் என்று கைமாற்றிவிடும் 'சம்போங் பாயார்' முறை இவ்வாசலில்தான் நுழைந்தது. வாடகைக் கொள்முதல் கணக்கு ஒருவர் பெயரிலும் வண்டி வேறொருவர் கையிலும் இருக்கும் அம்முறையால் வண்டியையும் பணத்தையும் நற்பெயரையும் இழந்த குடும்பங்கள் உண்டு.

நான்காவது, பட்டறை. நெடுநாள் அக்காரைப் பழுதுபார்த்தவர்க்கு அதன் நோய் முழுவதும் தெரியும். தாமே உழைத்துச் சீர்செய்ய வல்லவராதலின், பிறர்க்குச் சுமையாவது அவர்க்குத் தொழிலாகிறது. இலண்டன் பேருந்தைப் பினாங்கு வாங்கியது போன்றதே இது.

ஐந்தாவது, பழைய இரும்பு. ஓட்டத் தகுதியற்ற வண்டியை ஓடத்தக்கது போல் ஒருவர் தலையில் கட்டுவதைவிட, உறுப்புகளைப் பிரித்து விற்பது நேர்மை. ஜோர்ஜ் டவுனின் ரோப் வாக் தெருவும் பின்னர் லோரோங் கூலிட் சந்தையும் பழைய பொருளுக்கு இரண்டாம் பிறவி தந்த இடங்கள். அவ்வாறே பிரிக்கப்பட்ட ஒரு காரின் கதவு இன்னொரு காரில் வாழ்கிறது. ஆனால் வண்டியைக் கொடுத்தால் மட்டும் போதாது. சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவை நீக்குதல் வேண்டும். மற்ற வாசல்களில் உரிமை மாற்றத்தை முறையாகச் செய்தல் வேண்டும். பெயர் மாறாத வண்டி செய்யும் குற்றம் பழைய உரிமையாளரின் வாசலில் வந்து நிற்கும்.

அரசு வாங்க முன்வந்தபோது

2009ஆம் ஆண்டில் உலகப் பொருளியல் நெருக்கடியின்போது அரசுகளே பழைய கார்களை ஒழிக்க முன்வந்தன. செருமனி ஒன்பது ஆண்டுக்கு மேற்பட்ட காரை ஒழித்துப் புதியது வாங்குவோர்க்கு 2,500 யூரோ வழங்கியது. அமெரிக்கா 4,500 டாலர் வரை தந்து, ஒப்படைத்த கார்களின் இயந்திரங்கள் மீண்டும் ஓடாதபடி செய்தது. மலேசியாவும் அவ்வாண்டில் பத்து ஆண்டு பழைய காரைக் கொடுத்துப் புரோட்டோன் அல்லது பெரோடுவா கார் வாங்குவோர்க்கு 5,000 வெள்ளி சலுகையை அறிவித்தது. அங்கே பழுது ஒரு பொருட்டன்று, பழமையே தகுதி. வெளியில் விலைபோகாத கார் வைத்திருந்தோர்க்கு அது நல்வாய்ப்பு. ஆனால் புதிய காருக்குத் தவணை கட்ட இயலாதோர்க்கு அவ்வாசல் திறக்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை வரும் என்று அரசு அறிவித்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. சாலைப் பாதுகாப்பை நாடியோர் வாதத்திலும் உண்மை உண்டு: தேய்ந்த பிரேக்கு ஏழை செல்வர் என்று பாராது. எதிர்த்தோர் வாதத்திலும் உண்மை உண்டு: பழைய கார் சிலருக்கு விருப்பம், பலருக்கு அதுவே வேலைக்குச் செல்லவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் உள்ள ஒரே வழி. அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 1990 முதல் பத்தாண்டு உரிமம் முடிந்த காரை, மீண்டும் பெருந்தொகை கட்டினாலன்றி வைத்திருக்க இயலாது. மலேசியாவில் அவ்வாறில்லை. இங்கு பழைய கார் எத்தனை கைகள் மாறினாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆதலால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் உண்மை பேசப்படுவது இங்கு இன்னும் இன்றியமையாததாகின்றது.

முடிவாக ஒன்று

பழுதுற்ற காரை எங்கே விற்பது என்னும் வினாவுக்கு எல்லோர்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. சிறு பழுதாயின் சீர்செய்து, செய்த செலவுச் சீட்டுகளோடு நேரே விற்கலாம். பெரும் பழுதாயின் அதனைக் காணும் கண்ணும் சீர்செய்யும் கையும் உடைய வணிகரிடமோ பட்டறையிலோ விற்பதே தக்கது. உயிர்க்கு ஊறு விளைக்கும் பழுதாயின் பிரித்துவிடுவதே அறம். இவ்விடைகள் மூன்றையும் ஒரு நூலில் கோத்தால் கிடைப்பது ஒரே நெறி: பழுதை முழுவதும் சொல்லிய பின்னும் வாங்கத் துணிவோர் இருக்கும் இடமே விற்பதற்குரிய இடம்.

அவ்வாறு விற்கும்போது சில நூறு வெள்ளி குறையலாம். குறைந்த அத்தொகைதான் பழுதின் நியாயமான விலை. அதனை மறைத்துப் பெற்றுக்கொண்டால், அதே தொகையை, அதனோடு வட்டியும் சேர்த்து, மாதச் சம்பளத்தில் வாழும் வேறொரு தொழிலாளி ஏதோ ஒரு மழை நாளில் சாலையோரத்தில் நின்று செலுத்த வேண்டிவரும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் துலாக்கோலும், 1965ஆம் ஆண்டு இலண்டன் வணிகர் முன்வைத்த இரு விலைகளும், கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை கேட்ட கேள்வியும் சுட்டுவது இதனையே. மாலை சூட்டி வரவேற்ற காரை வழியனுப்பும் நாளில் கற்பூரம் வேண்டியதில்லை; உண்மை ஒன்று போதும்.